விலங்கு உடம்புக்குள்ள போன கெமிக்கல் எந்த வழியா வெளிய வரும்னு கணிக்கறது எப்படி

ஃபேக்டரி கழிவுன்னு பேச்சு வந்தாலே "அது விஷமா இல்லையா"ன்னுதான் கேக்கறாங்க, ஆனா உள்ள போனது வெளிய வருமா, வந்தா எந்த வழியாங்கறதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி, ஓரளவுக்கு இதை நாமளே கணிச்சுடலாம்.

முதல்ல அது தண்ணில கரையற ஜாதியா கொழுப்புல கரையற ஜாதியான்னு பாருங்க. இதுக்கு லாக் கேஓடபிள்யூன்னு (log Kow) ஒரு நம்பர் இருக்கு, கெமிக்கல் பேரோட சேத்து தேடினா கிடைக்கும், அதுல ஒண்ணு ஏறினா கொழுப்பு பக்கம் பத்து மடங்கு சாயுதுன்னு அர்த்தம். டிடிடிங்கற (DDT) பூச்சிக்கொல்லிக்கு அது கிட்டத்தட்ட 7, அதாவது தண்ணியை விட கொழுப்பு பக்கம் ஏறக்குறைய கோடி மடங்கு சாயும். சிறுநீரே தண்ணிதானே, அதுல எப்படி போகும்?

அதனால கல்லீரல் அதை மாத்தியாகணும். சைட்டோகுரோம் பி450ங்கற என்சைம் கூட்டம் அதுல ஆக்சிஜனை செருகும், அப்புறம் வேற என்சைம்கள் குளுக்குரோனிக் ஆசிட், சல்பேட், குளுட்டாதயோன்ல ஏதாவது ஒண்ணை ஒட்டிவிடும், இப்போ தண்ணில கரையும், சின்னது கிட்னி வழியாவும் பெருசு பித்தநீர் வழியா குடலுக்கும் போயிடும் (குடல் பாக்டீரியா அப்படி ஒட்டினதை பிரிச்சுட்டா மறுபடி ரத்தத்துக்கே திரும்பும்).

என்சைமால மாத்த முடியுமான்னு தெரிய ஸ்ட்ரக்சரை வரைஞ்சு பாருங்க. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல இருந்த பிசிபி (PCB) கூட்டத்துல ஒண்ணான பிசிபி 153ல ரெண்டு கார்பன் வளையத்துலயும் 2, 4, 5ம் இடத்துல குளோரின், மிச்சம் ஹைட்ரஜன் 3லயும் 6லயும் தனித்தனியா மாட்டிக்கிட்டு நிக்குது, பக்கத்து பக்கத்துல ரெண்டு கார்பன் குளோரின் இல்லாம இருந்தாதான் என்சைமுக்கு சுலபம், இதுல அது இல்ல, அதான் வருஷக்கணக்கா கொழுப்புலயே உக்காந்திருக்கு.

மாத்திட்டா ஆபத்து போச்சுன்னு நினைக்காதீங்க. புகையில இருக்கற பென்சோபைரீன் மாத்தறதுக்கு முன்னாடி சாதுதான், கல்லீரல் கை வெச்ச பிறகுதான் அது டிஎன்ஏல போய் ஒட்டுது.

அப்புறம் எந்த விலங்குன்னு கேளுங்க, நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். பூனைக்கு பீனால் மேல குளுக்குரோனிக் ஆசிட் ஒட்டற முக்கியமான ஜீனே வேலை செய்யாது. நான்ஸ்டிக் பூச்சு தயாரிப்புல பயன்பட்ட பிஎஃப்ஓஏங்கற (PFOA) கெமிக்கல்ல பாதி வெளியேற பெண் எலிக்கு சில மணி நேரம், ஆண் எலிக்கு சில நாள், மனுஷனுக்கு சில வருஷம், ஏன்னா அதை யாரு உடம்பும் மாத்தறதில்ல, கிட்னி திரும்ப உறிஞ்சிக்கற அளவுதான் ஆளுக்கு ஆள் மாறுது. திமிங்கலத்துல ஆணுக்கு வயசோட பிசிபி ஏறிக்கிட்டே போகும், தாய்க்கு பால் வழியா இறங்கும், அதுல பெரும்பங்கு தலைச்சன் குட்டி தலையிலதான் விழுது, இதை நினைச்சாலே மனசு ஆறமாட்டேங்குது.

சாம்பிள் எடுக்கறதும் இதை வெச்சுதான். மெத்தில் மெர்குரி (பாதரச வகை) முடி, இறகுல போய் சேரும், அதனால அதுக்கு முடி, இறகு எடுங்க. எண்ணெய் கசிஞ்ச கடல்னா சிப்பிக்கு எண்ணெய்ல உள்ள கெமிக்கலை மாத்தற சக்தி ரொம்ப கம்மி, சதையிலயே தெரியும், மீன் அப்படி இல்ல, வேகமா மாத்திடும், சதை டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வந்தா நம்பிடாதீங்க, பித்தப்பையில ஊசி போட்டு பித்தநீரை எடுத்து பாக்க சொல்லுங்க, அதுவும் இப்பதான் இரை தின்ன மீன்னா பித்தப்பை காலியாகி அளவு கம்மியா காட்டும், அதனால பித்தப்பை நிறைஞ்சிருக்கான்னு குறிச்சு வெச்சுக்கோங்க.