மொட்டு விரியும் காலத்தைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

குளிர்காலம் மிதமாகக் கழிந்துவிட்டால் அந்த ஆண்டு ஆப்பிளும் பீச்சும் முன்கூட்டியே பூத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இந்தத் தவறு எளிதில் விலகுவதில்லை. இலையுதிர் மரங்களின் மொட்டு விரிவதற்குக் குளிரும் தேவை, வெதுவெதுப்பும் தேவை. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள் என்பதையும், முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது முழு வேகம் பெறும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

இலை உதிரும் காலத்தில் மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகிறது. அந்த உறக்கத்தின் காரணம் மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. செல்களுக்கு இடையிலான நுண்துளைகள் அடைபட்டிருப்பதால் வளர்ச்சிக்கான சமிக்ஞைகள் கடந்து செல்வதில்லை. எனவே அப்போது ஒரு கிளையை வெட்டிக் கதகதப்பான அறையில் தண்ணீரில் நிறுத்தினாலும் அது துளிர்க்காது. வாரக்கணக்கில் குளிர் சேரச் சேர அடைப்பு நீங்குகிறது. அதன் பின்னும் மொட்டு அசையாமல்தான் இருக்கும், ஆனால் இப்போது அதைத் தடுத்து வைத்திருப்பது வெளியே உள்ள குளிர் மட்டுமே. டிசம்பரிலும் மார்ச்சிலும் மொட்டு பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டையும் ஒரே உறக்கம் என்று கொள்வதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர்.

ஆகவே வெப்பம் எந்த மாதத்தில் கூடியது என்று கேட்காமல் எதையும் சொல்லிவிட முடியாது. மார்ச்சில் கூடிய வெப்பம் பூப்பை முன்னே இழுக்கும். டிசம்பரில் கூடிய வெப்பமோ குளிர்க் கணக்கைக் குறைத்து, அதே மொட்டு விரிவதற்குப் பின்னர் கூடுதல் வெப்பம் தேவைப்படும்படி செய்து, பூப்பைத் தள்ளிப்போடக் கூடும். குளிர் போதாத மரம் தாமதமாகப் பூப்பதோடு நிற்பதில்லை. ஒரு கிளையில் பிஞ்சும் இன்னொரு கிளையில் மூடிய மொட்டுமாக வாரக்கணக்கில் சிதறிப் பூக்கிறது. நுனி மொட்டுகள் முந்திக்கொள்ள, பக்க மொட்டுகள் பல விரியாமலே நின்றுவிடுகின்றன. மகரந்தம் தரும் ரகமும் அதைப் பெறும் ரகமும் ஒரே வேளையில் பூக்காமல் போனால், பூ நிறைந்த தோட்டத்திலும் காய் பிடிக்காது. ஐரோப்பிய மரங்களைப் பற்றிய நீண்டகாலப் பதிவுகளும் வெப்பம் முன்னே இழுக்கும் வேகம் குறைந்துவருவதைக் காட்டுகின்றன: 1980 முதல் 1994 வரை ஒவ்வொரு பாகை வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ 4 நாள் முந்திய இலை விரிவு, 1999 முதல் 2013 வரையிலான காலத்தில் 2.3 நாளாகச் சுருங்கியது. குளிர்காலக் குளிர் குறைந்து வருவது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

கடுங்குளிரே நல்ல குளிர் என்பது அடுத்த தவறு. சேர்ந்த குளிரை அளக்கும் பழைய மணிநேரக் கணக்கு 0 முதல் 7.2 பாகை செல்சியஸ் வரையிலான மணிகளை மட்டுமே எண்ணியது. 1974இல் வெளியான யூட்டா முறை என்ற இன்னொரு கணக்கில் ஏறத்தாழ 2.5 முதல் 9 பாகை வரை ஒரு மணிக்கு ஒரு முழு அலகு; உறைநிலைக்குக் கீழே போன இரவுக்கு ஒன்றுமில்லை; 16 பாகையைத் தாண்டிய பகலுக்கோ கழித்தல். இமாசலத்துத் தோட்டக்காரர்கள் பனிப்பொழிவை வெள்ளை உரம் என்பார்கள். மண்ணுக்கு ஈரம் தருவதாலும் சுற்றுப்புறத்தைச் சீரான தண்மையில் வைப்பதாலும் அது பொருத்தமான பெயர்தான், ஆனால் பனியின் உயரத்தை அளந்து குளிரைக் கணக்கிட முடியாது.

எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்த முறையில் எண்ணப்பட்டது என்பதை விட்டுவிடுவதும் பரவலாக நடக்கிறது. டெலிசியஸ் வகை ஆப்பிளுக்கு 1,000 மணிநேரத்துக்கு மேல் வேண்டும் என்றால் அது மணிநேரக் கணக்கு. இஸ்ரேலில் உருவாகி 1987இல் வெளியான இயக்கமுறைக் கணக்கு, குளிரில் முதலில் உருவாகும் இடைநிலைப் பொருளை வெப்பம் அழித்துவிடலாம் என்றும், அது ஓர் அளவை எட்டியதும் அழியாத பங்காக நிலைத்துவிடும் என்றும் கொள்கிறது. அந்தப் பங்குகளையும் மணிநேரங்களையும் நிலையான ஒரு பெருக்கலால் மாற்றிக்கொள்ள இயலாது. பகலில் வெயில் காயும் மிதமான பகுதிகளுக்கு இந்த மூன்றாவது முறையே பெரும்பாலும் நம்பகமாக இருக்கிறது. எந்த எண்ணையும் நம்ப மனமில்லாதவர் இரு வாரத்துக்கு ஒருமுறை சில கிளைகளை வெட்டி அறைக்குள் வைத்துப் பார்க்கலாம். பத்து நாளில் பாதி மொட்டுகளாவது பச்சை காட்டினால் உறக்கம் கலைந்துவிட்டது எனலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான கருவி இல்லை.

காற்றின் வெப்பநிலையை மொட்டின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்வதும் பிழையே. குளிரை உணர்வது முழு மரமன்று, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியே உணர்கிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் ஒரு புளூபெர்ரிச் செடியைக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து ஒரு கிளையை மட்டும் வெளியே நீட்டிவிட்டார். வசந்தத்தில் துளிர்த்தது வெளியே குளிர்பட்ட அந்தக் கிளைதான். வெயில் நேரே படும் மொட்டு சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்கால மூடுபனி குறைவது பிஸ்தா விவசாயிகளைக் கவலைப்படுத்துவது இதனால்தான்.

குளிர்க் கணக்கு நிறைந்துவிட்டது என்று நிம்மதி அடைவதில் வேறோர் ஆபத்து உண்டு. விழித்துவிட்ட மொட்டுக்குக் குளிரைத் தாங்கும் ஆற்றல் விரைந்து குறைகிறது. மொட்டின் நுனி வெள்ளி நிறம் காட்டும் நிலையில் ஆப்பிள் மொட்டுகளில் பத்தில் ஒரு பங்கைக் கொல்ல ஏறத்தாழ -9.4 பாகை தேவை. முழுப் பூப்பில் -2.2 பாகையே போதும், -3.9 பாகையில் பத்துக்கு ஒன்பது போய்விடும். 2012 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் கோடை போன்ற வெயில் அடித்து மரங்களை எழுப்பிவிட, ஏப்ரல் உறைபனிகள் அவ்வாண்டு ஆப்பிள் விளைச்சலில் சுமார் 90 விழுக்காட்டை அழித்தன. குறைந்த குளிரே போதும் என்ற ரகத்தைக் கடுங்குளிர்ப் பகுதியில் நடுபவர் இந்த ஆபத்தை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்குகிறார்.

அதற்கு நேர்மாறான தவறு நம் சமவெளியில் நடக்கிறது. 300 மணிநேரத்துக்கும் குறைவான குளிர் போதும் என்று சொல்லப்படும் அன்னா ஆப்பிள் கன்று, ஜனவரி இரவிலும் 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத சென்னைக்கும் ஏற்றது என்று வாங்கப்படுகிறது. குறைந்த குளிர் என்பது குளிரே வேண்டாம் என்று பொருள்படாது. வெப்பமண்டலத்தில் ஆப்பிள் விளையும் இடம் இருக்கிறது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங்கை ஒட்டிய மலைச்சரிவுகளில், அறுவடை முடிந்ததும் இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும் முன்பே அது தட்டி எழுப்பப்படுவதால், குளிர்காலமே இல்லாத அந்த ஊரில் ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் அந்த உருவுதல் மறுபடியும் நடக்க வேண்டும்.