பாதியில் நிற்கும் ப்ளவுஸ்: பிரிப்பதா, கைவிடுவதா?

லைனிங் வைத்த ப்ளவுஸில் கை பொருந்தவில்லை, இரண்டு முறை பிரித்தாயிற்று, மூன்றாவது முறையும் சுருக்கம் விழுகிறது என்றால் அன்றைக்கு மெஷினை மூடிவிடுங்கள். எரிச்சலோடு பிரிக்கும்போதுதான் தையல் பிரிக்கும் சீம் ரிப்பர் நூலை விட்டுத் துணிக்குள் இறங்கும். பிரிப்பதா, விட்டுவிடுவதா என்பதை மறுநாள் பகல் வெளிச்சத்தில், இஞ்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது மெஷினை. அதே துணியின் வெட்டுத் துண்டை லைனிங் துண்டோடு சேர்த்து மடித்து, ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், பெரும்பாலும் மேல்நூல், நூலின் இறுக்கத்தைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரவில்லை. பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் இப்படி ஆகும். தூக்கி வைத்து மறுபடி கோத்தால் போதும். இடையிடையே தையல் விட்டுப்போனால் ஊசியை மாற்றுங்கள். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11 நம்பர் ஊசி, காட்டனுக்கு 14, கெட்டித் துணிக்கு 16. பட்டில் 16 போட்டுவிட்டு நூல் இழுக்கிறதே என்று துணியைத் திட்டிப் பயனில்லை. துண்டுத் துணியில் தையல் ஒழுங்காக விழுகிறதென்றால், குறை ப்ளவுஸில்தான்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: இது தையல் தப்பா, வெட்டுத் தப்பா? தையல் தப்பு பிரித்தால் சரியாகும். வெட்டுத் தப்பு, உள்ளே துணி விட்டிருந்தால் மட்டுமே சரியாகும். ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு, கொக்கிப் பட்டியை ஊக்கு குத்திப் பூட்டி, கண்ணாடி முன் நின்று கையை முன்னால் நீட்டுங்கள், மேலே தூக்குங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு.

கை முறுக்கினால்

கை முறுக்கிக்கொண்டு முன்பக்கம் சாய்வாகச் சுருக்கம் விழுந்தால், அளவைத் திருத்துவதற்கு முன் கை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஏறக்குறைய அரை இஞ்ச் கூடுதலாகக் குடைந்திருக்கும். கையை நீளவாக்கில் மடித்து இரண்டு வளைவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குடைவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அது முதுகுப் பக்கம் இருந்தால் வலது கை இடது பக்கம் ஏறியிருக்கிறது. இரண்டையும் பிரித்து மாற்றி வைப்பது ஒன்றரை மணி நேர வேலை. இதற்காக ஒரு ப்ளவுஸைக் கைவிடுவது அநியாயம்.

இரண்டு கையுமே ஒரே பக்கத்துக்கு வெட்டப்பட்டிருந்தால் கதை வேறு. இரண்டு புறமும் ஒன்றாக இருக்கும் பிளெயின் காட்டன் என்றால் ஒரு கையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பிரிண்ட், ஜரிகை என்றால் முடியாது. மிச்சத் துணி இருந்தால் புதுக் கை, இல்லையென்றால் சேலை பார்டர் நிறத்தில் வேறு துணியில் கை. அது வேண்டுமென்றே வைத்த கான்ட்ராஸ்ட் மாதிரியே இருக்கும், யாருக்கும் தெரியப் போவதில்லை.

மார்பில் இறுகினால்

பக்கத் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி இருக்கிறதென்று அளந்து பாருங்கள். தையலை அரை இஞ்ச் வெளியே தள்ளினால் முன்பாகத்தில் அரை, பின்பாகத்தில் அரை, ஆக ஒரு பக்கத்துக்கு 1 இஞ்ச். இரண்டு பக்கமும் சேர்ந்தால் சுற்றளவில் 2 இஞ்ச் கிடைக்கிறது. அதனால் 2 இஞ்ச் இறுக்கம் கைவிடுவதற்குக் காரணமே இல்லை. ஆனால் அக்குளோடு நிறுத்தாமல் கையின் அடித்தையல் வரை ஒரே ஓட்டமாகப் பிரித்துத் தையுங்கள். இல்லாவிட்டால் அக்குளில் முடிச்சு மாதிரி இழுக்கும். உள்துணியைக் கால் இஞ்சுக்கு நறுக்கிவிட்டிருந்தால், அக்குளிலிருந்து இடுப்பு வரையும் கை அடியிலும் ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டி ஒன்றை நடுவில் வைத்துத் தைக்கலாம். இரண்டு ஓரத்திலும் கால் இஞ்ச் தையலுக்குப் போக, பக்கத்துக்கு 1 இஞ்ச் கூடும். கையைத் தொங்கவிட்டால் பட்டி மறைந்துவிடும்.

முன்பாகத்தின் உயரம் குறைந்துவிட்டதா? கீழே இருக்கும் இடுப்புப் பட்டியைப் பிரித்து, தேவையான அளவு அகலம் கூட்டிப் புதுப் பட்டி வையுங்கள். மார்பு வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் டக்கின் முனையில் கூம்பு தூக்கி நின்றால், முனையை மார்பு உச்சிக்கு முக்கால் முதல் 1 இஞ்ச் முன்னாலேயே முடித்துவிடுங்கள். கழுத்து அகலமாகி ஷோல்டர் வழுக்குவது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் வெட்டிய கழுத்துக்குத் துணி திரும்பி வராது. கால் இஞ்ச், அரை இஞ்ச் என்றால் முதுகில் கயிறு வைத்துச் சமாளிக்கலாம்.

சமாளிக்கவே முடியாதவையும் உண்டு. நனைக்காத காட்டன் லைனிங்கை அப்படியே வைத்துத் தைத்து, முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணி கொப்பளம் கொப்பளமாக நின்றால், லைனிங்கை முழுக்கக் கழற்றிப் புதிதாக வைக்க வேண்டும். அது கிட்டத்தட்ட இன்னொரு ப்ளவுஸ் தைக்கிற வேலை. துணியின் நூல் ஓட்டம், அதாவது இழை போகும் திசை, பார்க்காமல் கோணலாக வெட்டியிருந்தால், எத்தனை முறை பிரித்தாலும் துவைத்தபின் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைத் தாராளமாகக் கைவிடலாம்.

துணியின் பொறுமையையும் கணக்கில் எடுங்கள். காட்டனில் ஊசித் துளையை நகத்தால் தேய்த்து, ஈரம் தெளித்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். சாட்டின், ஆர்கன்சா, டிஷ்யூவில் துளை அப்படியே நிற்கும். பட்டிலும் பழைய தையல் வரி தெரியும். அக்குள் ஓரத்தில் தெரிந்தால் பரவாயில்லை, மார்பின் மேல் நீளமாக இறங்கும் பிரின்சஸ் கட் தையலில் தெரிந்தால் பார்க்கவே நன்றாக இருக்காது. பட்டில் ஒரே இடத்தை மூன்றாவது முறை பிரிக்க நேர்ந்தால் நிறுத்திவிடுவதுதான் நல்லது. பிரிக்கும்போது நாலைந்து தையலுக்கு ஒன்றாக ஒரு பக்கம் மட்டும் நறுக்கி, மறுபக்க நூலைப் பிடித்து இழுங்கள். துணியை இரண்டு பக்கமும் பிடித்துப் பிய்க்காதீர்கள், இழை விலகிவிடும்.

இப்போது ஒரு தாளில் திருத்த வேண்டியவற்றையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிமிடங்களையும் எழுதிக் கூட்டுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு லைனிங் ப்ளவுஸ் ஒன்றுக்கு 5, 6 மணி நேரம் ஆகும். திருத்தமே 3 மணி நேரத்தைத் தாண்டினால், கடையில் கிடைக்கிற பிளவுஸ் பிட் என்றால் புதிது வாங்கி வெட்டுவது மேல். இந்தக் கணக்கில் துணிக்குக் கொடுத்த காசைச் சேர்க்காதீர்கள். வெட்டியபோதே அது போயாயிற்று. சேலையோடு வந்த ரன்னிங் பிளவுஸ் துணி மட்டும் விதிவிலக்கு. அது மறுபடி கிடைக்காது, அதனால் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபடலாம். நாளை மறுநாள் கல்யாணம் என்றால் எதையும் பிரிக்கவே வேண்டாம்; வேறு ப்ளவுஸை இஸ்திரி போடுங்கள்.

ஒட்டுத்துணிப் போர்வைக்கும் இதே யோசனைதான், தப்பு மட்டும் சத்தமில்லாமல் சேரும். ஒவ்வொரு தையலும் 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விழுந்தால் இரண்டு துண்டிலுமாக 2 மில்லிமீட்டர் போகும். பத்துத் துண்டு உள்ள வரிசையில் 9 தையல், மொத்தம் 18 மில்லிமீட்டர் குறைவு. பக்கத்து வரிசையோடு சேராது. அதற்காக எல்லாவற்றையும் பிரிக்காமல், குறைந்த வரிசையின் நுனியில் ஒரு பட்டி சேருங்கள், அல்லது அதன் நீளத்துக்கு மற்றவற்றை நறுக்கிவிடுங்கள்.

இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறீர்கள் என்றால், எல்லாத் துண்டையும் அதே நிற நூல் சுற்றிய பாபினோடு ஒரு பையில் போட்டு, “இடது கை பிரிக்கணும், பக்கம் அரை இஞ்ச் விடணும்” என்று சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். சீட்டு இல்லாத பையை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எது எங்கே என்றே புரியாது.

விட்டேவிட்டது என்று முடிவானால் கொக்கி, லேஸ், பார்டர் மூன்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள். முதுகுப் பாகத்தில் 8க்கு 10 இஞ்சில் ஒரு துண்டு தேறினால் சுருக்குப்பைக்கு ஆகும். தூக்கிப் போடுவதற்கு முன், துணி வெட்ட மாதிரியாக வைத்த பேப்பர் கட்டிங்கை எடுத்து, எந்த இடத்தில் எத்தனை இஞ்ச் தப்பியதோ அதைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் தேதி போட்டு வையுங்கள்.