ஏற்காட்டுக்கு எடுத்துப்போக ஒரு மஃபலெட்டா

சேலத்துக்காரர்களுக்கு அடுக்கிச் சாப்பிடுவதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்த தட்டுவடை செட் கைக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே வாயில் போட்டுவிட வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றால் வடை நமத்துவிடும். வட்ட ரொட்டிக்குள் அடுக்கும் மஃபலெட்டா அதற்கு நேர் எதிர். அடுக்கிய உடனே கடித்தால் ரொட்டி தனி, காய் தனி. பாரம் வைத்து அமுக்கி, ஒரு ராத்திரி ஊறவிட்டால்தான் அது சாண்ட்விச். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு என்றால், சனிக்கிழமை மாலையே அடுப்படியில் இறங்கிவிடுவேன்.

பெயர் இத்தாலியப் பெயர். புகழ் வந்ததோ அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில். சிசிலியிலிருந்து குடியேறிய சால்வடோர் லுப்போ 1906-இல் அங்கே தொடங்கிய சென்ட்ரல் குரோசரி என்ற மளிகைக் கடையின் பேர்சொல்லும் பண்டம் இது. எள் தூவிய வட்ட ரொட்டிக்குள் ஆலிவ் சாலட், சலாமி, ஹாம், மோர்ட்டடெல்லா, சீஸ் என்று போகும் அசல் அடுக்கு. எங்கள் வீட்டில் பாதிப் பேர் சைவம். எனவே இறைச்சியின் இடத்தைக் கத்தரிக்காயும் குடைமிளகாயும் எடுத்துக்கொள்கின்றன. ஆலிவ் சாலட்டில் மட்டும் நான் கைவைப்பதில்லை.

சாதாரண பேக்கரி ரொட்டி தித்திக்கும், இதற்கு உதவாது. 400 கிராம் மைதா, 270 மி.லி. தண்ணீர், 8 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். நன்றாகப் பிசைந்து, இரு மடங்காக உப்பும்வரை மூடிவையுங்கள். சித்திரை வெயிலில் சீக்கிரமே பொங்கிவிடும், கண் வைத்திருங்கள். 9 அங்குல வட்டத் தட்டில் பரப்பி இன்னொரு அரைமணி விட்டு, மேலே தண்ணீர் தடவி எள் தூவி, ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டால் போதும். சூடு முழுக்க ஆறிய பிறகே, மேல்பாதி, அடிப்பாதி என்று இரண்டு வட்டமாகக் குறுக்கே வெட்ட வேண்டும்.

ஆலிவ் சாலட்டுக்கு, கொட்டை நீக்கிய பச்சை, கறுப்பு ஆலிவ் கலந்து ஒன்றரைக் கப். உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். கேரட், காலிஃபிளவர் கொஞ்சம், பூண்டு இரண்டு பல், ஓரிகனோ, ஒரு மேசைக்கரண்டி வினிகர், அரைக் கப் ஆலிவ் எண்ணெய், ஏற்காட்டு மிளகைக் கொரகொரப்பாக இடித்தது. உப்பு வேண்டாம், ஆலிவிலேயே இருக்கிறது. ஆலிவுக்குப் பதில் மாங்காய் ஊறுகாய் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், அப்புறம் அதை மஃபலெட்டா என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இனிமேல் நம் எதிரி தண்ணீர்தான். எண்ணெய் ரொட்டிக்குள் இறங்கினால் ருசி. தண்ணீர் இறங்கினால் கூழ். கத்தரிக்காயைச் சுண்டுவிரல் கனத்தில் வட்டமாக அரிந்து, உப்புப் புரட்டி அரைமணி சல்லடையில் வையுங்கள். பழுப்பு நிறத்தில் நீர் கோத்து நிற்கும். அதைத் துணியில் ஒற்றியெடுத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டுங்கள். விரலால் அழுத்தினால் நடுப்பகுதி வெண்ணெய்போல் அமுங்க வேண்டும். பஞ்சுபோல் எதிர்த்தால் இன்னும் வேகவில்லை. குடைமிளகாயை அடுப்புத் தீயிலேயே தோல் கருகச் சுட்டு, மூடிவைத்து, தோலை உரித்துவிடுங்கள். உரித்ததைக் குழாயில் கழுவக் கூடாது, சுட்ட வாசனையெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். தக்காளி போட்டே ஆகவேண்டும் என்றால் விதையை வழித்துவிட்டு, ரொட்டியைத் தொடாமல் நடுவில் வையுங்கள். நான் போடுவதில்லை.

அடுக்கும் வரிசை: ரொட்டியின் இரு பாதியிலும் ஆலிவ் சாலட்டை எண்ணெயோடு பரப்புங்கள். அடிப்பாதியில் மெலிதாக அரிந்த மொசரெல்லா, அதன்மேல் கத்தரிக்காய், குடைமிளகாய், மறுபடியும் மொசரெல்லா. பிறகு மேல்பாதியால் மூடுங்கள். மேலும் கீழும் சீஸ் நிற்பதால் காயின் ஈரம் ரொட்டிக்குப் போகாது. அசைவத்துக்கு நடுவில் சிக்கன் சலாமி ஓரடுக்கு.

பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, இரண்டு தட்டுகளுக்கு இடையில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றுங்கள். "மெனக்கெட்டு உப்பவைத்த ரொட்டியை எதற்கு நசுக்குகிறாய்?" என்று என் மாமியார் இன்றுவரை கேட்கிறார், குழவியைக் கழுவி எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். ஒரு மணி நேரம் போதும். எண்ணெய் வெளியே வழிந்தால் பாரம் அதிகம். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து, மேலே இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட்டுகளைப் படுக்கவையுங்கள். குழவியை அங்கே ஏற்றினால் கண்ணாடித் தட்டு தாங்காது.

காலையில் ரம்பப்பல் கத்தியால் எட்டுத் துண்டாக வெட்டி, சுற்றிய காகிதத்தோடே ஐஸ் வைத்த டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கினாலும் அடுக்குக் கலையாது. வெளியே எடுத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், சலாமி வைத்திருந்தால் கட்டாயமாக.

மீந்த ஆலிவ் சாலட்டை பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூண்டு இருப்பதால் வெளியே வைக்கக் கூடாது. முட்டைப் பொரியலில் சேர்த்தால் பிரமாதம். தயிர்ச்சாதத்துக்கு எடுபடவில்லை.