எல்லாருக்கும் ஒரே சமையல்: குடும்பத்தோடு சாப்பிட்டே எடை குறைக்க

வீட்டில் ஒருவர் எடை குறைக்கத் தொடங்கினால் முதலில் முளைப்பது தனிச் சமையல். மற்றவர்களுக்குச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும், அவருக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சியும் வேகவைத்த காயும். இரண்டு வாரம் ஓடும். அப்புறம் சமைப்பவருக்கு அலுத்துப்போகும், சாப்பிடுபவருக்கு வெறுத்துப்போகும். அந்த வழி வேண்டாம். குழம்பு, பொரியல் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். எண்ணெயையும் தேங்காயையும் அடுப்பில் குறையுங்கள், சோற்றைத் தட்டில் குறையுங்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கூடுதலாக வேண்டியதைப் பரிமாறும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

இதனால் எவ்வளவு குறையும் என்று நான்கு பேர் வீட்டு மதியச் சாப்பாட்டை வைத்துப் பார்ப்போம். சாம்பார் தாளிக்க 3 மேசைக்கரண்டி, பொரியலுக்கு 3 மேசைக்கரண்டி எண்ணெய் போனால் மொத்தம் 720 கலோரி, ஆளுக்கு 180. இரண்டுக்கும் தலா ஒரு மேசைக்கரண்டி என்று நிறுத்தினால் ஆளுக்கு 60. ருசி பார்த்து யாரும் கண்டுபிடிக்காத இந்த ஒரு மாற்றத்திலேயே 120 கலோரி போய்விடும். எடை குறைப்பவர் 300 கிராம் சோற்றுக்குப் பதில் 150 கிராம் போட்டுக்கொண்டால் இன்னும் 195. அந்த இடத்தைக் காயும் பருப்பும் நிரப்பினாலும், ஒரே வேளையில் 200 கலோரிக்கு மேல் மிச்சம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 300 முதல் 500 வரை குறைத்தால் போதும், பட்டினி தேவையில்லை.

எண்ணெய்க் கணக்கு

எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். தூக்குக்குள்ளேயே 5 மில்லி தேக்கரண்டி ஒன்றைப் போட்டு வையுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு 40 கலோரி, மூன்று சேர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், செக்கில் ஆட்டியது, பாக்கெட்டில் வருவது எதுவானாலும் கலோரி ஒன்றுதான்.

மாதக் கணக்கும் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. 3 லிட்டரில் முடித்தால் 23 கிராம், 205 கலோரி. மளிகைப் பட்டியலில் எண்ணெய் எத்தனை லிட்டர் என்று பார்த்தாலே அந்த வீட்டுச் சமையல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

எண்ணெய் குறைந்தால் சில வேலைகள் சரியாக வராது. அதற்குத் தகுந்த கைப்பழக்கம் வேண்டும்.

தாளிப்பு: 2 தேக்கரண்டி எண்ணெய் அகலமான வாணலியில் பரவிவிடும். கடுகு வெடிக்காது, கருகும். வாணலியை ஒரு பக்கம் சாய்த்து, எண்ணெய் தேங்கும் இடத்தில் கடுகைப் போடுங்கள், படபடவென்று வெடிக்கும். குழிவான தாளிப்புக் கரண்டி இருந்தால் இன்னும் எளிது.

வெங்காயம், தக்காளி வதக்குதல்: வெங்காயத்தைப் போட்டவுடன் உப்பில் பாதியைப் போட்டுவிடுங்கள். அதன் நீரே வெளிவந்து அதை வதக்கும். அடிப்பிடிக்கும்போது எண்ணெய் ஊற்றாமல் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிக்கொள்ளுங்கள். “எண்ணெய் பிரியும் வரை வதக்கு” என்ற பக்குவம் இங்கே செல்லாது. பிரிய எண்ணெயே இருக்காது. அதைப் பார்த்துக் காத்திருந்து, வரவில்லையே என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிடுவதுதான் பலரும் செய்வது. பச்சை வாசனை போய், மசாலா சுருண்டு, கரண்டியோடு சேர்ந்து திரண்டு வந்தால் போதும்.

வத்தக்குழம்பு, புளிக்குழம்பு: கால் கப் நல்லெண்ணெய் ஊற்றும் வழக்கத்தில் 490 கலோரி அதிலேயே போகிறது. ஒரு மேசைக்கரண்டியில் தாளித்து, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி பச்சை நல்லெண்ணெயை மேலே விடுங்கள். மணம் முழுதாக இருக்கும். ஆனால் மேலே எண்ணெய் மிதக்காத குழம்பு வெளியில் இரண்டு மூன்று நாள் தாங்காது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

பொரியல் பெருக வேண்டும்

பெரும்பாலான வீடுகளில் நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் நறுக்குகிறார்கள். ஆளுக்கு இரண்டு ஸ்பூன் வரும். அந்தத் தட்டில் சோற்றைக் குறைத்தால் பசிதான் மிஞ்சும். நான்கு பேருக்கு 750 கிராம் காய் நறுக்குங்கள். முட்டைக்கோஸ், கீரை என்றால் அதற்கும் மேல், வெந்ததும் பாதியாகச் சுருங்கிவிடும்.

அளவு: காய் 750 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் ஒன்று. வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் காயைப் போட்டு, முக்கால் தேக்கரண்டி உப்பு, 4 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து 2 நிமிடம் ஈரம் வற்ற விடுங்கள். அடுப்பை அணைத்தபின் 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். அடுப்பில் வதக்கிய தேங்காயைவிடக் கடைசியில் தூவியதற்கு மணம் அதிகம், அதனால் குறைவாகப் போட்டாலும் தெரியாது.

தண்ணீர் கூடினால் அவித்த வாசனை வரும், குழந்தைகள் ஒதுக்கிவிடுவார்கள். கடைசி வரை மூடி வைத்தால் நிறம் மங்கிக் குழைந்துபோகும். இந்த இரண்டும்தான் “டயட் சாப்பாடு” என்ற கெட்ட பெயருக்குக் காரணம். எண்ணெய் குறைந்ததாலேயே ருசி போவது அரிது.

எல்லாக் காய்க்கும் இந்த முறை பொருந்தாது. வெண்டைக்காயை மூடவே கூடாது. கழுவித் துடைத்து நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் திறந்தபடி வதக்கி, ஒரு ஸ்பூன் தயிரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் வழவழப்பு போகும். உப்பு கடைசியில். கத்தரிக்காய் பஞ்சு போல எண்ணெயைக் குடிக்கும், ஊற்ற ஊற்ற இழுக்கும். நறுக்கி இட்லிப் பானையில் 6 நிமிடம் ஆவியில் வேகவைத்துவிட்டால் அந்தத் துளைகள் அமுங்கிவிடும், பிறகு ஒரு மேசைக்கரண்டியிலேயே மசாலா பிடிக்கும். உருளைக்கிழங்கை யாரும் விலக்க வேண்டாம். வேகவைத்த 100 கிராமில் 80 கலோரிதான், சோற்றைவிடக் குறைவு. அரை கிலோவை வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, மசாலா பிரட்டி, சூடான தோசைக்கல்லில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தேய்த்துப் பரப்பி, நான்கு நிமிடம் கிளறாமல் விட்டால் மொறுமொறுப்பு வரும். ஆறாமல் போட்டால் உடைந்து மசியும். அன்றைக்கு எடை குறைப்பவர் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளட்டும்.

சாம்பாரைக் கெட்டியாக்குங்கள்

சோறு குறையும் தட்டில் வயிறு நிறைவது புரதத்தால். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிற இடத்தில் 150 கிராம் போடுங்கள், காய் 400 கிராம். ஆளுக்கு 8 கிராம் புரதம் சாம்பாரிலேயே வந்துவிடும். பருப்பும் காயும் கூடும்போது புளி, உப்பு, சாம்பார்ப் பொடி மூன்றையும் கொஞ்சம் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் மந்தமாக இருக்கும், மந்தமான சாம்பாருக்கு நெய் கேட்கும். பருப்பு அடியில் தங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலாக மொண்டு ஊற்றினால் புளித்தண்ணீர்தான் வரும். அடிவரை கலக்கி, எடை குறைப்பவருக்கு இரண்டு குழிக்கரண்டி கெட்டியாக ஊற்றுங்கள்.

ரசம் சோறு வைக்கிற நாளில் புரதமே இருக்காது. கூடவே அவித்த முட்டை ஒன்றோ (6 கிராம் புரதம்) ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள். முந்தின இரவு 200 கிராம் கொண்டைக்கடலை ஊறப்போட்டால் நான்கு பேருக்கு ஆளுக்கு 9 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். வெறும் ரசத்தோடு எழுந்தவர் நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பார், அது அவருடைய மன உறுதியின் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பில் தோல் நீக்கிய கறி, ஒரு கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், அரை மூடித் தேங்காய்க்குப் பதில் 3 மேசைக்கரண்டித் துருவலோடு ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் திட்டம் கெடாது, குழம்பும் கெட்டியாக வரும். மீனை எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரிக்காமல் தோசைக்கல்லில் போடுங்கள். அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். மசாலா உதிர்வதற்கு இரண்டு காரணம்: மீனில் ஈரம், அவசரத் திருப்பல். துடைத்து, மசாலாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு கலந்து தடவி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் போட்டு, ஒரே ஒரு முறை திருப்புங்கள்.

சோறு, டிபன்

ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் 150 கிராம் அரிசி பிடிக்கும், வெந்தால் 400 கிராமுக்கு மேல் வரும். சமையல் தராசு ஒன்று வாங்கி, எடை குறைப்பவருடைய கிண்ணத்தில் 150 கிராம் சோறு எந்த மட்டம் வரை வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். அப்புறம் அந்தக் கிண்ணம்தான் அளவு, தினம் நிறுக்க வேண்டாம்.

சாமை, வரகு, தினை, கேழ்வரகு பற்றி ஒரு வார்த்தை. நார்ச்சத்து கூடுதல், நல்லவைதான். ஆனால் கலோரி அரிசியை ஒட்டியே இருக்கிறது. சாமைச் சோறு என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை நகராது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றை நம்பி ஏமாறுகிறவர்கள் இதைவிட அதிகம். காபியில் விழும் ஒவ்வொரு ஸ்பூனையும் வெள்ளைச் சர்க்கரையாகவே கணக்கில் எடுங்கள். வீட்டுக்கு வாங்கும் பாலில் 6 சதவீதக் கொழுப்புள்ளதை விட்டு 3 சதவீதத்துக்கு மாறலாம், சின்னக் குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் கொழுப்புள்ள பாலே இருக்கட்டும்.

இரவு டிபனில் சறுக்குவது தோசையில். நான்கு தோசைக்கு ஒவ்வொரு ஸ்பூன் எண்ணெய் என்றால் 160 கலோரி தனியாக ஏறும். பழகிய இரும்புக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். தேங்காய்ச் சட்னி இரண்டு மேசைக்கரண்டிக்கே 80 கலோரியைத் தாண்டும் என்பதால், தக்காளி வெங்காயச் சட்னி, பீர்க்கங்காய்த் துவையல், புதினாத் துவையல் மூன்றும் வாரத்தில் மாறி மாறி வரட்டும்.

தோசையைவிட அடைக்கு என் ஓட்டு. புழுங்கலரிசி ஒரு கப், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு தலா அரை கப், உளுந்து கால் கப், மிளகாய் 6. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, பெருங்காயம், உப்பு, வெங்காயம், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை கலந்துகொள்ளுங்கள். அரிசி குறைந்திருப்பதால் திருப்பும்போது உடையலாம். அப்படி உடைந்தால் மாவை இன்னும் சற்று நைசாக அரைத்து, இரண்டு ஸ்பூன் அரிசி மாவு சேருங்கள். ஊறல் போதாவிட்டால் அடை கல்லாகும், அதற்கு எண்ணெய் மருந்தில்லை. இரண்டு அடையும் ஒரு கிண்ணம் மோரும் இரவுக்குப் போதும்.

பரிமாறும் இடம்

குழந்தைகள் தட்டில் ஒரு ஸ்பூன் நெய், அப்பளம், ஒரு ஆம்லெட், கைப்பிடி வேர்க்கடலை சேருங்கள். வளரும் வயதில் அவர்களுக்குக் குறைப்புத் திட்டம் கூடாது. மெலிந்த முதியவர்களுக்கும் இதே. எடை குறைப்பவர் முதலில் பொரியலையும் பருப்பையும் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரட்டும், ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், சோறு தானாகக் குறையும்.

சமைப்பவரே எடை குறைப்பவர் என்றால் இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் அம்மா கடைசியாக உட்காருவார். அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும், சோறு மட்டும் மிச்சமிருக்கும். குழந்தை வைத்த பாதி தோசை, வீணாகக் கூடாதென்று கடைசிக் கரண்டி சோறு, எல்லாம் அவர் வயிற்றுக்கே போகும். இது மாறாமல் எந்த அளவும் பயன் தராது. சமைத்து இறக்கியதும் முதல் வேலையாக உங்கள் பங்குக் காயையும் பருப்பையும் ஒரு டப்பாவில் எடுத்து மூடிவையுங்கள். மிஞ்சும் சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றுங்கள், காலையில் பழைய சோறாக எல்லாரும் பங்கிடலாம். முடிந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இந்த அளவுகள் பொருந்தாது.

எடையை வாரம் ஒரு நாள், காலையில் சாப்பிடும் முன் பாருங்கள். நான்கு வாரமாகியும் அசையவில்லை என்றால் சோற்றை மேலும் குறைக்க அவசரப்படாமல், அந்த மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினீர்கள், காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, மாலையில் என்ன கொறித்தீர்கள் என்று இதே வரிசையில் தேடுங்கள். பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.