குழந்தை 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்லும்? உளவியல் ஆய்வில் இசைவு பெறும் முறை

குழந்தைகளிடம் உளவியல் ஆய்வு செய்யத் திட்டமிடும் முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் ஒப்புதல் படிவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே எழுதிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் குழந்தைக்கு என் ஆய்வில் விருப்பமில்லையென்றால் அதை எந்த வகையில் காட்டும், காட்டினால் நான் என்ன செய்வேன்? இதற்கு விடை எழுத முடியாதவர் படிவத்தை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

படிவங்களைப் பொறுத்தவரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன. பெற்றோரின் அல்லது சட்டப்படியான காப்பாளரின் ஒப்புதல் பொதுவாகத் தேவை. அதனுடன் குழந்தை தானே தரும் சம்மதமான இசைவையும் பெற வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்து மூலமான இசைவும் பெற வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதி இவற்றோடு கூடுதலாகப் பெற வேண்டியதே தவிர, இவற்றுக்கு மாற்றாகாது.

நிறுவனத்தின் அனுமதியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1939இல் நடந்த ஆய்வே சான்று. வெண்டெல் ஜான்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில், மேரி டியூடர் என்ற மாணவி அநாதை இல்லக் குழந்தைகள் 22 பேரிடம் திக்குவாய் பற்றி ஆராய்ந்தார். அவர்களுள் இயல்பாகப் பேசிய சிலரிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டதாகவே சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் வாய் திறக்கவே தயங்கும் நிலைக்கு வந்தார்கள். பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது 2001இல்தான். 2007இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. கேள்வி கேட்கப் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் என்பதால்தான் அந்த ஆய்வு அத்தனை எளிதாக நடந்தது என்பது என் எண்ணம். ஆகவே, விடுதியும் இல்லமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதற்காக அங்குள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்தது, குழந்தையிடம் பேசுவது. பள்ளிக்குள் நுழையும் பெரியவர் எவரும் பிள்ளைக்கு ஆசிரியர்தான். அவர் கையில் இருக்கும் தாள் தேர்வுத்தாள்தான். அதனால் "இதில் மார்க் கிடையாது, உன் மிஸ்ஸிடம் காட்டமாட்டேன்" என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். சிறு பிள்ளையால் பெரியவர் முகத்தைப் பார்த்து மறுக்க இயலாது என்பதால், மேசையில் ஒரு சிவப்பு அட்டையை வைத்து, "இதைத் திருப்பிப் போட்டால் விளையாட்டு நின்றுவிடும்" என்று சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல், தொடங்குமுன் ஒருமுறை திருப்பச் செய்து, நீங்கள் உண்மையிலேயே நிறுத்துவதையும் காட்டுங்கள். பரிசுப் பொருள் ஏதேனும் தருவதாக இருந்தால் அதையும் அப்போதே கையில் கொடுத்துவிடுவது நல்லது. கடைசியில் தருவதாகச் சொன்னால் அது தூண்டில் ஆகிவிடும்.

அட்டையைத் தொடாத பிள்ளையும் மறுக்கக்கூடும். "கிளாஸுக்குப் போகட்டுமா மிஸ்?" என்று கேட்பது மறுப்பு. எல்லாக் கேள்விக்கும் தலையாட்டிக்கொண்டே கதவைப் பார்ப்பதும், சட்டைப் பொத்தானைத் திருகியபடி குரல் தேய்ந்துபோவதும் மறுப்பாக இருக்கலாம்; அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று கேளுங்கள். பேசத் தெரியாத குழந்தையானால் அதன் அழுகையே விடை. தாயைச் சிறிது நேரம் பிரித்துவைத்துக் குழந்தையின் பற்றுறவை, அதாவது தாயோடு அதற்குள்ள பிணைப்பை, கவனிக்கும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த்தின் முறையில், சுருக்கமான முதல் கட்டம் தவிர ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 3 நிமிடம். ஆனால் குழந்தை மிகவும் கலங்கினால் பிரிவுக் கட்டத்தை அப்போதே முடித்துத் தாயை உள்ளே அனுப்பிவிடுவார்கள். இவ்வாறு நிறுத்தும் விதி முறையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். அந்த நேரத்து மனநிலைக்கு அதை விட்டுவைக்கக் கூடாது. எத்தனை விநாடி அழுதால் நிறுத்துவது, யார் நிறுத்துவது என்பதை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குத் தரும் திட்டத்திலேயே எழுதுங்கள். தரவு குறையுமே என்ற கவலை இல்லாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது மேல்.

பாதியில் விலகிய பிள்ளையை மறுநாள் மீண்டும் அழைக்காதீர்கள். விலகியதற்கான காரணத்தை ஆசிரியர் காதில் விழும்படி பேசவும் வேண்டாம். அன்றைய பதிவேட்டில் எந்த நிமிடத்தில், எந்தக் கேள்வியில் நிறுத்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள் ஒரே கேள்வியில் விலகியிருந்தால், நான்காவது பிள்ளையை அழைக்கும் முன் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டுத் திருத்திய திட்டத்தைக் குழுவுக்கு அனுப்புங்கள்.