ஒரு டாலர் நன்கொடைகள் கொட்டினால் செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் நாங்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளியின் இணையதளத்தில் மாதம் நாலைந்து நன்கொடை வந்தாலே அதிகம். ஒரு சனிக்கிழமை விடிவதற்குள் நாற்பது வந்திருந்தன. எல்லாம் ஒரு டாலர், ஒன்றரை டாலர். "தம்பி, நம்ம பொங்கல் விழா வீடியோ எங்கேயோ பரவிடுச்சு போல!" என்று பொருளாளர் அண்ணன் உற்சாகமாக அழைத்தார். தோல்வியடைந்த பரிவர்த்தனைகளைத் திறந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கில் கிடந்தன.

திருட்டு கார்டு எண்கள் மொத்தமாக விற்கப்படுகின்றன. அவற்றில் எது இன்னும் வேலை செய்கிறது என்று வாங்கியவனுக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க அவனுக்கு ஒரு படிவம் வேண்டும். தொகையை நாமே எழுதிக்கொள்ளலாம், பொருள் எதுவும் வாங்க வேண்டாம், இரவில் கவனிக்க ஆளில்லை: நன்கொடைப் பக்கத்தைவிட வசதி வேறென்ன? 'செல்லும்', 'செல்லாது' என்ற பதில் கிடைத்தால் போதும், அவன் வேலை முடிந்தது.

இது புரியாததால்தான் "சின்னத் தொகைதானே, இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்தால் வங்கி அந்தப் பணத்தை நம்மிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். இதுதான் சார்ஜ்பேக். அமெரிக்காவில், இணையத்தில் கார்டு பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் அதற்கு ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் பிடிக்கும். அதனால் உடனே ரீஃபண்ட் செய்யுங்கள். அப்போதும் பரிவர்த்தனைக் கட்டணம் திரும்பி வராது. வழக்கமான 2.9 விழுக்காடும் 30 சென்டும் என்றால் ஒரு டாலருக்கு 33 சென்ட் நம் கையிலிருந்து போகும். எரிச்சலாகத்தான் இருக்கும், 15 டாலருக்கு இது தேவலை.

நான் செய்த முட்டாள்தனம், ஐபி முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் வீண். ஒன்றை அடைத்தால் வேறு முகவரியிலிருந்து வருகிறார்கள். முதலில் படிவத்தையே மூடியிருக்க வேண்டும். மாதம் நாலு நன்கொடை வரும் பக்கம் இரண்டு நாள் மூடிக் கிடந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம், வருவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா போட்டேன். தாக்குதல் நிற்கவில்லை. காரணம் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. திருடர்கள் கார்டுகளைச் சோதிக்க ஓடவிடும் நிரல் எங்கள் பக்கத்தைத் திறப்பதே இல்லை. நேராக சர்வருக்கே கோரிக்கை அனுப்புகிறது. பக்கத்தில் கேப்ட்சா தெரிந்தால் மட்டும் போதாது. அதன் விடை சரியா என்று சர்வர் சோதித்த பிறகே கார்டிலிருந்து பணம் எடுக்கும் பேமென்ட் கேட்வேயைத் தொட வேண்டும். உங்கள் தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

பிழைச் செய்தியிலும் ஒரு தவறு உண்டு. "சிவிவி எண் தவறு" என்று விளக்கமாகச் சொன்னால், கார்டு எண் சரிதான் என்று திருடனுக்கு நாமே காட்டிக்கொடுக்கிறோம். எல்லாத் தோல்விக்கும் "பணம் செலுத்த இயலவில்லை" என்ற ஒரே வரி போதும்.

குறைந்தபட்சத் தொகையை 10 டாலராக்குவது உதவும், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உறுப்பினர் சந்தாவுக்காகக் கார்டைச் சேமித்து வைக்கும் படிவம் ஒன்று இருக்குமே, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே பணம் எடுக்காமலேயே கார்டைச் சரிபார்க்க முடியும். சொந்தக்காரரின் கணக்கறிக்கையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்பதால் திருடர்களுக்கு அது இன்னும் பிடிக்கும்.

ஊரில் இருப்பவர்கள் "ஓடிபி இல்லாமல் எப்படி?" என்று கேட்பார்கள். இந்தியாவில் இணையவழிக் கார்டு செலவுக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. சந்தேகமான பரிவர்த்தனைகளுக்கு மட்டும், ஓடிபி போல வங்கி வழியாகச் சொந்தக்காரரைச் சரிபார்க்கும் 3டி செக்யூர் கேட்கும்படி நாமாகத்தான் அமைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கார்டு அத்தனையையும் தடுத்தால், பேரன் படிக்கும் பள்ளிக்குச் சென்னையிலிருந்து பணம் போடும் தாத்தாவும் மாட்டிக்கொள்வார்.

தாக்குதல் ஓய்ந்ததும் மறந்துவிடுவதும் தவறுதான். தோல்விகள் குவிந்தால் வங்கிகள் நம் கணக்கையே சந்தேகப்பட்டு உண்மையான நன்கொடைகளையும் மறுக்கத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் பத்து கார்டு தோற்றால் அண்ணனுக்கும் எனக்கும் மின்னஞ்சல் வரும்படி இப்போது வைத்திருக்கிறோம். போன மாதம் ஒருமுறை வந்தது. இந்த முறை அண்ணனே படிவத்தை மூடிவிட்டுத்தான் என்னை அழைத்தார்.