எட்டாம் நாள் வாட்ஸ்அப்பும் பன்னிரண்டாம் நாள் மெயிலும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, அக்கவுன்ட்ஸ் வேலை. இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றார் எச்.ஆர். மேடம். வாரம் போனது, தகவல் இல்லை.

எட்டாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு, பொறுக்கமாட்டாமல் வாட்ஸ்அப்பில் "மேடம், எனி அப்டேட்?" என்று தட்டிவிட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. மறுநாள் இரண்டு தடவை போன் வேறு. எடுக்கவில்லை. எடுக்காததில் ஆச்சரியமும் இல்லை.

பழைய ஆபீஸ் அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, அவங்களுக்கு உன் நம்பர் வெறும் நம்பர். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மெயில் இருக்குல்ல, அதுக்கே ரிப்ளை போடு. பேரு, வேலை, தேதி எல்லாம் கீழேயே இருக்கும்."

இன்னொன்றும் உறைத்தது. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கெடு. முடிவு சொல்ல வேண்டிய அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு அந்த வாரம் தலை நிமிர நேரமிருக்காது. அது தாண்டட்டும் என்று காத்திருந்து, 22 காலை பத்தரைக்கு அந்த மெயிலுக்கே ரிப்ளையாகச் சில வரிகள் மட்டும் எழுதினேன்:

"வணக்கம் மேடம். 10ஆம் தேதி அக்கவுன்ட்ஸ் பணிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. வேலையில் சேர ஆர்வமாக இருக்கிறேன். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். வேறு சான்றிதழ் தேவையென்றால் உடனே அனுப்புகிறேன்."

வாட்ஸ்அப் விஷயத்தைக் கிளறவில்லை. மதியம் மூன்று மணிக்குள் பதில் வந்துவிட்டது: மேனேஜர் இன்னும் பட்டியலைப் பார்க்கவில்லையாம், வெள்ளிக்கிழமை இரண்டாவது ரவுண்டுக்கு வரச் சொன்னார்கள்.